வினையின் இருப்பும் சரக்கின் இருப்பும்

பலவழி வணிகம் என்பது ஒரே சரக்கிருப்பைக் கடை, தொலைபேசி, இணையதளம், செயலி ஆகிய எல்லா வாயில்களிலும் விற்பதாகும்; அதில் பொருள் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிலும் அது யாருக்கு உரியதாகிவிட்டது என்பதே சிக்கலான வினா. விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடம் ஒன்று கார்த்திகையை எதிர்நோக்கிச் சுட்டு அடுக்கிய அகல் விளக்குகள், கடைக்காரருக்கும் கைபேசியில் வாங்குபவருக்கும் ஒரே நேரத்தில் இருப்பில் உள்ளனவாகவே தோன்றும். கடைசிப் பெட்டியோ ஒருவருக்கே போய்ச் சேரும். அதனால் சரக்குக் கணக்கு, கிடங்கில் கிடக்கும் மொத்த இருப்பு, அதிலிருந்து குறிப்பிட்ட ஆர்டருக்கென ஒதுக்கிய பங்கு, போனதை ஈடுசெய்யப் புதிதாக வந்து சேரும் வரவு என மூன்றாகப் பகுக்கப்படுகிறது.

விருத்தாசலத்துக்கு அருகிலுள்ள பெண்ணாடத்தில் அச்சுத களப்பாளரின் மகனாகத் தோன்றி, 13ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதத்தை 12 நூற்பாக்களில் அருளிய மெய்கண்டாரின் சைவ சித்தாந்த மரபு, வினையையும் மூன்றாகவே பகுக்கிறது. பல பிறவிகளில் ஈட்டப்பட்டு இன்னும் பயன் தராமல் கிடப்பது சஞ்சிதம். அதிலிருந்து இப்பிறவியின் நுகர்ச்சிக்கெனப் பிரிந்து வந்தது பிராரத்தம். அதை நுகரும்போது விருப்பு வெறுப்புகளால் புதிதாக ஈட்டப்படுவது ஆகாமியம். சஞ்சிதம் கிடக்கும் இடம் எது என்ற கேள்வியையும் சித்தாந்திகள் விட்டுவைக்கவில்லை: மந்திரம், பதம், வன்னம், புவனம், தத்துவம், கலை என்னும் ஆறு அத்துவாக்களில், அதாவது வினை ஈட்டப்படும் வழிகளில், அது கட்டுண்டு கிடக்கும் என்பர். ஒவ்வொரு விற்பனையும் மறுகொள்முதலைத் தூண்டுவதுபோல ஒவ்வொரு நுகர்ச்சியும் புதுவினையைத் தூண்டுவதால், இருப்பு தீர்வதில்லை, பிறவியும் ஓய்வதில்லை.

இதனினும் கடினமானது, பயனை உரியவரிடம் சேர்ப்பது யார் என்னும் கேள்வி. வேள்வி முதலிய செயல்கள் அபூர்வம் என்னும் புலப்படாத ஆற்றலைத் தோற்றுவிக்க, அதுவே காலம் கடந்தும் பயன் தரும், இடையில் இறைவன் வேண்டுவதில்லை என்பது வேதச் சடங்குகளை முதன்மையாகக் கொள்ளும் மீமாம்சகர் கொள்கை. வினை அறிவற்ற சடப்பொருள் ஆதலால் தனக்குரிய உயிரைத் தேடிச் செல்லாது, உயிரும் தன் வினையைத் தானே அறிந்து எடுத்துக்கொள்ளாது என்பது சித்தாந்தத்தின் மறுப்பு. ஆகவே இருவினைக்கேற்ப உயிர்கள் போக்குவரவு புரிவது இறைவனின் ஆணையால், அதாவது அவனுடைய சத்தியால் நிகழ்வதென இரண்டாம் நூற்பா நிறுவுகிறது. வினைக்கேற்பவே இறைவன் பயன் தருவான் என்றால் அவன் எதற்கு என்று கேட்கலாம். முகவரியை மாற்றாமல் பொருளைக் கொண்டுசேர்ப்பவர் அந்தக் காரணத்தாலேயே தேவையற்றவர் ஆகிவிடுவதில்லை என்பதே இதற்குப் போதுமான விடை.

இன்று எந்தக் கிடங்கிலிருந்து எந்த ஆர்டரை அனுப்புவது என்பதைக் கணினி நிரலே முடிவு செய்வதைக் காண்பவர், மீமாம்சகரே வென்றுவிட்டதாக எண்ணக்கூடும். ஆனால் கடைசிப் பெட்டி முதலில் பணம் கட்டியவருக்கா, கடைக்கு நேரில் வந்து நிற்பவருக்கா, அதிகம் வாங்கும் மொத்த வணிகருக்கா என்னும் முன்னுரிமையை அந்த நிரலுக்குள் வைத்தவர் அறிவுள்ள ஒருவரே. தவறிப்போன ஆர்டருக்குக் கணினியைக் காரணம் காட்டும் வழக்கமான பதில், இந்த நோக்கில் தத்துவமாகவும் நிற்காது. ஒப்புமை இங்கேயே முறிகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்: வணிகர் தம் ஊதியத்துக்காக ஒதுக்குகிறார், இறைவனோ உயிரைப் பிணித்துள்ள மலம் என்னும் அழுக்கு பக்குவப்பட்டு நீங்குவதற்காகவே வினையை ஊட்டுகிறான்.

முடிவிலும் இரண்டும் வேறுபடுகின்றன. இருப்பு தீராமல் பார்த்துக்கொள்வது வணிகரின் கவலை. தீர்ப்பது குருவின் செயல். சீடருக்கு அருளும் தீக்கை என்னும் சடங்கில் ஆறு அத்துவாக்களையும் தூய்மை செய்யும் குரு சஞ்சிதத்தை எரிக்கிறார். யான், எனது என்னும் பற்று நீங்கியவரிடம் ஆகாமியம் ஏறாதபடி அருள் காக்கிறது. ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட பிராரத்தம் மட்டும் ஞானியரையும் விடுவதில்லை, அது உடல் உள்ளவரை நுகரப்பட்டே கழிகிறது.