திருந்தும் விருப்பமும் திரோதானமும்

பித்தினாற் கொலை புரிந்தானொருவன் திருந்த விரும்பாதவிடத்து, அவனுக்கு மருத்துவஞ் செய்தலால் யாது பயன் எனச் சேலம் நாட்டு அன்பர் சிலர் எம்மை வினாவினர். மலபரிபாகம் வருங்காறும் செய்யற்பாலது ஒன்றுமில்லை, அவன் வினையே அவனை நடத்தும் என்பது அவர் கொள்கை. அது சித்தாந்தம் போலத் தோன்றினும் சித்தாந்தமன்று.

முதற்கண் நோய் யாண்டுளது என்பது ஆராயற்பாலது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் மாயையின் காரியமாகிய சடப்பொருள்கள்; ஆணவ இருளிற் கிடக்கும் உயிருக்கு விளக்காய் உதவுவன. விளக்குப் பழுதுற்றதனைக் கண் பழுதுற்றதென்றல் பொருந்தாது. சித்தக் கலக்கத்தால் தன் செயலின் தன்மையையோ, அது தவறென்பதையோ அறியமாட்டாதான் செய்தது குற்றமன்றென 1860-ஆம் ஆண்டுத் தண்டச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு விதித்தது; 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 22-ஆம் பிரிவும் அதனையே கூறும். மாநிலந்தோறும் ஒரு சிறையின் மருத்துவப் பகுதியிலேனும் மனநல நிலையம் அமைதல் வேண்டுமென்பது 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம்.

சேலம் நாமக்கற் பக்கங்களில் மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்துக் கழுவி, அரைத்து, பாலைத் தெளியவைத்துச் சவ்வரிசி செய்வர். கிழங்கின் நஞ்சு அதனாற் போம். கிழங்கின் விருப்பத்தைக் கேட்பாரில்லை. கரணத்தின் நோயை மருந்து தணிப்பதும் ஒருசார் அத்தகையதே. ஆண்டுப் பரிபாகத்தை எதிர்நோக்கியிருத்தல் வேண்டா. உயிரோ கிழங்கன்று, அறிவுடைப்பொருள். அதன் இச்சையைக் கழுவியெடுத்தல் எவராலும் ஆகாது. கலக்கந் தெளிந்த பின்னும் சினமும் பகையும் எஞ்சுமாயின், அவற்றை விடும் வேட்கை அவனுள்ளிருந்தே எழல் வேண்டும்.

வில்லியம் மில்லர் என்னும் அமெரிக்க உளநூலார் குடிநோயாளர் பொருட்டு 1983-இல் வெளியிட்ட உரையாடல் முறை ஈண்டு நினைக்கத்தக்கது. இடித்துரைப்பின் நோயாளன் தன் பழைய வழக்கிற்கே வாதாடுவான். ஆகலின், மாறுதற்குரிய காரணத்தை அவன் வாயினின்றே வருவித்தல் வேண்டுமென்பது அதன் கருத்து. பின்னர் இது சிறைப்பட்டாரிடத்தும் கையாளப்பட்டது. பாடஞ் சொல்லும் எம்மனோர் இதனை அறியாதாரல்லர். ஆயினும் இடித்துரைத்தே பழகிவிட்டோம்.

விடுதலை வேண்டித் திருந்தினார்போல் நடிப்பார் உளரே எனின், உளர். முத்தநாதனும் நீறு பூசியே புகுந்தான். அது காவலைத் தளர்த்தாமைக்கு ஏதுவாமன்றி, மருத்துவத்தை மறுத்தற்கு ஏதுவாகாது. வீடு திரும்பும் ஆசைபற்றியே சிகிச்சைக்கு இசைந்தவனை இகழ்தல் என்னை? திரோதான சத்தி உயிரை உலகப்பயன்களின் வழியே செலுத்தியன்றோ பக்குவப்படுத்துகின்றது?

வரகுண பாண்டியன் குதிரையின் காலில் அவனறியாமல் அந்தணனொருவன் பட்டிறக்க, பிரமகத்தி அவனைப் பற்றிற்று. அவன் வினை அவனை நடத்துகவெனச் சொக்கநாதர் வாளாவிருந்தாரல்லர், திருவிடைமருதூர்க்கு வழிகூறினார். கீழைவாயிலாற் புகுந்தவன் மேலைவாயிலாற் சென்றான். பிரமகத்தி இன்றுங் கீழைவாயிலில் அவனை நோக்கி நிற்கின்றதென்பர்.