ஒளியளவும் உண்மையும்

மின்னணு ஒளிப்படக் கருவியின் ஒளிமானி, தன்முன் நிற்பது எதுவாயினும் அதனைப் பொதுவாக நடுத்தரச் சாம்பல் நிறமென்றே கொண்டு அளக்கிறது. ஆகவே சிம்லாவின் வெண்பனி படத்தில் மங்கிவிடுகிறது. கரிய கம்பளி வெளிறிவிடுகிறது. பனியில் ஒன்றிரண்டு ஸ்டாப் ஒளியைக் கூட்டுகிறோம். அது பொய்யன்று, கருவியின் பிழையைத் திருத்துதல். மஞ்சள் குண்டு விளக்கின்கீழ் வெண்மைச் சமநிலையை 3000 கெல்வின் அளவுக்கு இறக்குவதும் அத்தகையதே.

ஆனால் நம் திருமண மண்டபங்களில், மாநிற மணமகளின் முகம் வெளுக்கும்வரை ஒளியைக் கூட்டுமாறு படமெடுப்பவரிடம் சொல்கிறோமே, அது எதனைத் திருத்துகிறது? பின்புற விளக்கால் முகம் இருண்டிருந்தால் கூட்டத்தான் வேண்டும்; அதனை யாம் மறுக்கவில்லை. முகம் உள்ளவாறே தெளிவாய்த் தெரியும்போதும் கூட்டுகிறோம் எனில், பிழையென்று கருதுவது கருவியையா, அவளையா? ஊரிலுள்ள உறவினர் பார்க்கும் படமாயிற்றே என்பர் சிலர். அவ்வுறவினரோ அவளைத் தொட்டிலில் கண்டவர்கள்! நாளை அவள் மகள் அந்த ஆல்பத்தைப் புரட்டி, “இது யார், அம்மா?” என்று கேட்கவும் கூடும்.