வீட்டிலிருக்கும் தாய்க்கு ஆயா எதற்கு?



“வீட்டிலேதானே இருக்கிறாள், பெற்ற பிள்ளையைப் பார்க்கக் கூலிக்கு ஓர் ஆளா?” இந்தப் பேச்சை நாம் பல வீடுகளில் கேட்டிருக்கிறோம். ஒருமுறை நாமே பேசியும் இருக்கிறோம். அந்தப் பிழையைச் சொல்லித்தான் இதைத் தொடங்க வேண்டும்.

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே உள்ள ஆமத்தூர்ப் பக்கம், நமக்குத் தம்பி மகள் முறையாகும் ஒரு பெண்ணின் வீட்டிற்குச் சென்றிருந்தோம். கணவர் வெளியூரில் வியாபாரம். வீட்டில் பத்து மாதக் கைக்குழந்தை. அதைக் காலை முதல் மாலை வரை பார்த்துக்கொள்ள நடுத்தர வயது அம்மாள் ஒருவர் இருந்தார். “ஏம்மா, வெளி வேலைக்கா போகிறாய்? உனக்கு எதற்கு ஆயா?” என்று கேட்டுவிட்டோம். அவள் பதில் சொல்லாமல் தேநீர் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அஸர் வரை அங்கே இருந்தோம். வாதத்தில் படுத்த மாமியாரைப் புரட்டிப் படுக்க வைத்து, துடைத்து, கஞ்சி ஊட்டினாள். பிறகு பட்டாசுக்கான காகிதக் குழாய் சுற்ற உட்கார்ந்தாள். மருந்து செலுத்தும் வேலை வீட்டில் கூடாது. அவளும் அதைத் தொடுவதில்லை. ஆனால் பசைச் சட்டி பக்கத்திலேயே இருந்தது. பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. குழந்தை அந்தச் சட்டியை நோக்கியே தவழ்ந்தது. அந்த அம்மாள்தான் ஓடிவந்து தூக்கினார்.

சற்று நேரத்தில் பத்து வயது மூத்த மகள் பள்ளிக்கூடப் பையுடன் உள்ளே வந்தாள். அப்போதுதான் தாய் வாய் திறந்தாள்: “பிள்ளை பிறந்ததும் நாலு மாசம் இவளைத்தான் பள்ளிக்கூடத்தை நிறுத்தி இடுப்பில் பிள்ளையைக் கொடுத்தேன், பெரியத்தா. இப்போது அவர் அனுப்புகிறதோடு குழாய்க் கூலியையும் சேர்த்து அந்த அம்மாளுக்குக் கொடுக்கிறேன். இவள் படிக்கிறாள்.”

நாம் வெட்கித் தலைகுனிந்தோம். மன்னிப்பும் கேட்டோம்.

சகோதரர்களே! வீட்டில் இருப்பது வேறு, கை ஒழிந்திருப்பது வேறு. முன்பு கூட்டுக் குடும்பத்தில் பாட்டியும் மாமியும் நாத்தனாரும் பிள்ளையை மாற்றி மாற்றித் தூக்கினார்கள். இன்று அந்த வேலை முழுவதும் ஒருத்தி தலையில் விழுந்திருக்கிறது. நோயாளியைப் பார்ப்பவள், இரட்டைப் பிள்ளை பெற்றவள், பிரசவத்தின் பலவீனம் தீராதவள், ஊனமுற்ற பிள்ளையை வளர்ப்பவள் – இவர்கள் ஆள் வைப்பது சோம்பலாகுமா?

மார்க்கத்தைப் பாருங்கள். ஸூரத்துல் பகராவின் 233-ஆம் வசனம் தாய்மார் இரண்டு ஆண்டுகள் பாலூட்டுவதைச் சொல்கிறது. அதே வசனம், பெற்றோர் வேறொருத்தியைக் கொண்டு பாலூட்ட விரும்பினால் குற்றமில்லை, பேசிய கூலியை முறையாகக் கொடுத்துவிட வேண்டும் என்றும் கூறுகிறது. நம் நாயகம் (ஸல்) அவர்களை, அன்னை ஆமினா உயிரோடிருக்கும்போதே ஹலீமா நாயகி அல்லவா வளர்த்தார்கள்?

“ஃபாத்திமா (ரலி) பணியாள் கேட்டபோது நாயகம் (ஸல்) தஸ்பீஹைத்தானே கற்றுக் கொடுத்தார்கள்?” என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். திருகை அரைத்துக் கை காய்த்துப்போன மகளுக்கு அவர்கள் திக்ரின் பலத்தைக் கொடுத்தார்கள். ஆனால் பணியாள் வைப்பது ஹராம் என்று சொல்லவில்லை. கேட்டதற்காக மகளைக் கடிந்துகொள்ளவும் இல்லை.

எனினும் சில எச்சரிக்கைகள் உண்டு.

முதலாவது, வேலையை ஒப்படைக்கலாம். பொறுப்பை ஒப்படைக்க முடியாது. பிள்ளை அல்லாஹ் தந்த அமானிதம். ஆணும் பெண்ணும் தத்தம் பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படுவார்கள் என்பது ஹதீஸ். பிஸ்மில்லாஹ்வையும் கலிமாவையும் பெற்றோர் வாயிலிருந்தே பிள்ளை கற்கட்டும். பெருமைக்காக ஆள் வைத்துவிட்டு, பிள்ளையின் முகம் பாராமல் இருப்பது வேறு கதை. அதற்கு இங்கே ஆதாரம் தேடாதீர்கள்.

தகப்பன்மார்களுக்கும் ஒரு சொல். நாயகம் (ஸல்) வீட்டில் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருந்து, தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்து தொழவும் செய்தார்கள். நாமோ பிள்ளை அழுதால் தாயைக் கூப்பிடுகிறோம்.

இரண்டாவது, வேலைக்கு வருபவரும் ஒரு தாய். கூலியை முன்கூட்டியே பேசி, வியர்வை உலருமுன் கொடுங்கள். நீங்கள் உண்பதையே அவருக்கும் கொடுங்கள். தம் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வருகிறார் என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மூன்றாவது, பிள்ளையைப் பார்க்க இன்னொரு பிள்ளையை வைக்காதீர்கள். பதினான்கு வயதுக்குட்பட்டவரை வீட்டு வேலைக்கு வைப்பது 10.10.2006 முதல் சட்டப்படி குற்றம். சிவகாசியில் பிள்ளைகளை வேலைக்கு வைத்தது பற்றிய வழக்கில், ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டுமென உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தது. நம் வீட்டு மூத்த மகளின் படிப்பும் அதே அளவு பெறுமானமுள்ளதுதான்.

கூலி கொடுக்க வசதியில்லையா? இரண்டு வயது நிரம்பிய பிள்ளைக்கு அங்கன்வாடி உண்டு. அதற்கும் குறைந்த வயதென்றால் பக்கத்து வீட்டார் ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளட்டும். அதுவும் ஸதக்காதான்.

இனி ஒரு வீட்டில் ஆயாவைக் கண்டால் “எதற்கு?” என்று கேட்காமல், “நாங்கள் என்ன செய்யட்டும்?” என்று கேட்போமாக. வல்ல ரஹ்மான் நம் தாய்மாரின் சுமையை இலேசாக்கி, நம் பிள்ளைகளை ஸாலிஹானவர்களாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.