பேசாமல் கூடுவது

கம்மாபுரம். ஞாயிற்றுக்கிழமை காலை. திண்ணையில் பாய். முட்டி மடக்க முடியாதவர்களுக்கு இரண்டு நாற்காலி.

மணி அடிப்பதில்லை. விளக்கு ஏற்றுவதில்லை. முன்னால் நின்று நடத்த ஒருவர் இல்லை.

முதலில் வந்தவர் உட்காருகிறார். வழிபாடு தொடங்கிவிட்டது.

*

குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினரின் முறை இது.

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. ஜார்ஜ் ஃபாக்ஸ் ஊர் ஊராக நடக்கிறார். கடவுளைக் கேட்க நடுவில் பாதிரி வேண்டாம் என்கிறார். ஒவ்வொருவருக்குள்ளும் ஒளி உண்டு என்கிறார். சிறைக்குப் போகிறார். வெளியே வருகிறார். மறுபடி போகிறார்.

அவரோடு உட்கார்ந்த இந்தக் குவேக்கர்கள் தங்களை நண்பர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

*

ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும்படி, வட்டமாகவோ சதுரமாகவோ.

நடுவில் ஒரு மேசை இருக்கலாம். அதன்மேல் பூ இருக்கலாம், பைபிள் இருக்கலாம். யாரும் அதைக் கும்பிடுவதில்லை.

கண்ணை மூடலாம். திறந்தும் இருக்கலாம். மந்திரம் இல்லை. மூச்சை எண்ணச் சொல்வதில்லை.

*

மூச்சு தெரிகிறது. உள்ளே போகையில் சில்லென்று. வெளியே வருகையில் வெதுவெதுப்பாக.

இடது முழங்கால் வலிக்கிறது.

யூரியா வாங்க வேண்டும்.

விருத்தாசலம் பஸ் ஹாரன் அடித்துப் போகிறது. நெய்வேலிக்கு ஷிப்ட் போகிறவர்களின் பைக்குகள். பிறகு ஒரு காகம்.

யூரியா நினைப்பு எப்போது போனது, தெரியவில்லை.

*

1664. வீட்டாரைத் தவிர ஐந்து பேரோ அதற்கு மேலோ, அரசு ஏற்காத வழிபாட்டுக்குக் கூடினால் குற்றம். இங்கிலாந்தில் அப்படி ஒரு சட்டம் வருகிறது.

மற்றவர்கள் மறைவாகக் கூடலாம். நண்பர்கள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே உட்காருகிறார்கள்.

1682, பிரிஸ்டல். பெரியவர்கள் சிறையில். பிள்ளைகள் தாங்களாகவே கூடி உட்காருகிறார்கள். அடி விழுகிறது.

மறுபடியும் உட்காருகிறார்கள்.

*

இந்தத் திண்ணையிலும் ஐந்து பேருக்கு மேல்.

தெருவில் போகிறவர் எட்டிப் பார்க்கிறார். பஞ்சாயத்து என்று நினைத்திருப்பார். சைக்கிளை மிதித்துப் போய்விடுகிறார்.

*

நினைப்பு சிதம்பரம் போகிறது. தீட்சிதர் திரையை விலக்குகிறார். பொன் வில்வ மாலைகள் தொங்குகின்றன. பின்னால் உருவம் இல்லை. ஆகாயம் என்கிறார்கள். கூட்டம் தள்ளுகிறது. நின்று பார்க்க நேரமில்லை.

வடலூர். 1872, தைப்பூசம். வள்ளலார் எண்கோணமாய் எழுப்பிய சத்திய ஞான சபையில் ஏழு திரைகள் விலகுகின்றன. கண்ணாடிக்குப் பின்னால் சுடர்.

ஃபாக்ஸ் சொன்ன ஒளியும் வள்ளலார் காட்டிய ஒளியும்.

ஒப்பிடத் தொடங்கியதும் மனசுக்குள் பேச்சு தொடங்கிவிடுகிறது. முழங்கால் மறுபடி வலிக்கிறது.

*

மார்ஜரி சைக்ஸ். 1928இல் சென்னை வேப்பேரிக்கு வருகிறார், பென்டிங்க் பெண்கள் பள்ளி ஆசிரியையாக. தமிழ் படிக்கிறார். இங்கே இருக்கும்போதே குவேக்கர் ஆகிறார். அப்புறம் சாந்திநிகேதன். சேவாகிராமம். பல வருஷம் கழித்துக் கோத்தகிரி.

சேவாகிராமத்துக் காந்தி திங்கட்கிழமைகளில் பேசுவதில்லை. தேவையென்றால் துண்டுச் சீட்டில் எழுதித் தருகிறார்.

அது ஒருவர் இருக்கும் மௌனம். இது பலர் சேர்ந்து இருக்கும் மௌனம்.

*

தனியாக உட்கார்ந்தால் எழுந்துவிடத் தோன்றுகிறது. இங்கே தோன்றவில்லை.

பக்கத்தில் இருக்கும் ஆயாவின் மூச்சில் லேசான இழுப்பு. வெற்றிலை வாசனை. கை அசையும்போது வளையல் ஒருமுறை ஒலிக்கிறது. அவர் அதை மற்றக் கையால் பிடித்துக்கொள்கிறார்.

*

பேசத் தடையில்லை. யாரும் எழலாம். பெண், ஆண், கிழவர், சிறுமி.

எழுதிக்கொண்டு வருவதில்லை. நாலு வாக்கியம். உட்கார்ந்துவிடுகிறார்கள். யாரும் பதில் சொல்வதில்லை. மறுப்பதில்லை. அடுத்தவர் எழுவதற்குள் சொன்னது கீழே இறங்க நேரம் விடுகிறார்கள்.

சில கூட்டங்களில் யாருமே எழுவதில்லை. அதுவும் முழு வழிபாடுதான்.

*

சொல்ல ஏதோ வரும்போது நெஞ்சு படபடக்கிறது என்கிறார்கள். அடங்கிவிட்டால் அது தனக்கு மட்டும் வந்தது. அடங்காவிட்டால் எழ வேண்டியதுதான்.

எதிரில் இருப்பவர் தொண்டையைச் செருமுகிறார். விரல்கள் வேட்டி ஓரத்தைப் பற்றுகின்றன. முதுகு நிமிர்கிறது.

எழவில்லை.

விரல்கள் தளர்கின்றன.

*

எல்லாக் குவேக்கர்களும் இப்படி உட்காருவதில்லை. கென்யாவில்தான் அவர்கள் மிக அதிகம். அங்கே பாட்டு உண்டு, பிரசங்கம் உண்டு, நடத்திவைக்கப் பாதிரியும் உண்டு.

அதுவும் அதே பெயரில்.

*

எப்போது என்று சொல்ல முடியாது. உறை ஊற்றிய பால் போல, ஏதோ ஒரு கட்டத்தில் மௌனம் கெட்டியாகிறது. பஸ் சத்தம் அதற்குள்ளேயே வருகிறது, அதற்குள்ளேயே போகிறது.

யார் செய்தது?

சில வாரம் கெட்டியாவதே இல்லை. தும்மல், ஈ, கடிகாரம். அந்த வாரமும் உட்கார்ந்துவிட்டுத்தான் போகிறார்கள்.

*

வெயில் பாயின் ஓரத்துக்கு வந்திருக்கிறது. கட்டைவிரலில் மட்டும் சூடு.

காலை இழுக்கலாம். இழுக்கவில்லை.

*

ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

முதலில் இரண்டு பேர் கை குலுக்குகிறார்கள். பிறகு அடுத்தடுத்தவர்கள். ஆயா கும்பிடுகிறார். அவ்வளவுதான் முடிவு.

*

"எனக்கு முழுக்க மாட்டு நெனப்பாவே இருந்துச்சு" என்கிறான் இன்று புதிதாக வந்த பையன்.

யாரும் அறிவுரை சொல்லவில்லை.

"ஏன் தம்பி, மாட்டுக்கு என்னா?"

"மடி வீங்கிக் கெடக்கு ஆயா. ரெண்டு நாளா கறக்க விடல."

எழாமல் இருந்தவர் செல்போனை எடுக்கிறார். மாட்டு டாக்டர் நம்பரைத் தேடுகிறார்.