புண்பட்ட திருமேனியை எழுதலாமோ?

தியானத்திற்குரிய திருவுருவம் கண்ணுக்கும் கருத்துக்கும் இனியதாய் இருத்தல் வேண்டும் என்பது நாம் பயின்றுவந்த நெறி. ஆதலின் ஐரோப்பிய ஆலயங்களின் சிலுவைப்பாட்டு ஓவியங்களைக் காண்கையில் நம்மவர் பலர் முகம் திருப்பிக்கொள்வர். அடியேனும் அவ்வாறு இருந்தவனே. (நம் தூண்களில் இரணியன் குடல் கிழிபடுவதைச் செதுக்க மட்டும் நாம் தயங்கியதில்லை, அது பகைவனின் வேதனையன்றோ!)

அக்கருத்தை அசைத்தது ஓர் ஓவியம். மத்தியாஸ் குருனெவால்ட் 1512க்கும் 1516க்கும் இடையே தீட்டியது. இன்று பிரான்ஸ் நாட்டுக் கோல்மார் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. ஏசுவின் உடல் பசுமை பாய்ந்து, விரல்கள் முறுக்கேறி, உதடு நீலம் பூத்துத் தொங்குகிறது. தோலெங்கும் புண், புண்தோறும் முள். அழகென்று சொல்ல அங்கு ஒன்றுமில்லை.

அது ஈசன்ஹைம் என்னும் ஊரில் அந்தோனியார் சபைத் துறவியர் நடத்திய மடத்திற்காக எழுதப்பட்டது. அம்மடம் நோயாளரைப் பேணும் இடமுமாகும். ரை என்னும் தானியத்தில் பற்றும் நச்சுப் பூஞ்சையால் கைகால் தீப்பட்டாற்போல் எரிந்து கருகும் கொடுநோய் அக்காலத்தில் பரவியிருந்தது. காரணம் எவரும் அறியார். 'அந்தோனியார் நெருப்பு' என்றனர். அழுகிய உறுப்பை அறுத்தெறிவதும் உண்டு. அத்தகையோர் அப்பலிபீடத்தின்முன் நின்றபோது தம் புண்ணையே ஆண்டவன் மேனியில் கண்டனர். மாசற்ற பேரழகை அவர்முன் வைத்திருப்பின், அது ஆறுதலாகாது, ஏளனமாகவே பட்டிருக்கும். அப்பீடத்தின் கதவுகளைத் திறந்தால் உள்ளே உயிர்த்தெழுந்த ஏசு ஒளியினிடையே தோன்றுவார். மேனிப் புண்கள் மறைந்திருக்கும், ஆணி பாய்ந்த வடுக்கள் மட்டும் மறையா.

எல்லாத் துன்ப ஓவியங்களும் இத்தகையன அல்ல. அம்பு தைத்த செபஸ்தியாரைக் கட்டழகுக் காளையாகவே எழுதினோர் பலர். பிரா பர்தொலொமேயோ எழுதிய அத்தகைய படம் கண்ட பெண்டிர் மனம் தடுமாறினர் என்றும், அதனால் அது கோயிலினின்று அகற்றப்பட்டது என்றும் வசாரி கூறுகிறார். அங்கே வேதனை வெறும் அணிகலன்.

நம் குருபரம்பரையிலும் சோழன் அவையில் கண்ணிழந்த கூரத்தாழ்வான் உளர். கதை சொல்வோர் அக்குருதியை ஓரிரு சொற்களில் கடந்துவிடுவர். தமக்குத் தீங்கிழைத்த நாலூரானுக்கும் தாம் பெறும் பேறே வேண்டுமென அவர் பேரருளாளனிடம் இரந்ததிலேயே நெடிது நிற்பர். அதுவே உயர்ந்த முறை என்று அடியேன் இன்றும் எண்ணுகிறேன். ஆயினும், கண்ணிழந்த ஒருவர் காலட்சேபத்தில் அமர்ந்து கேட்கும்போது அவ்வோரிரு சொற்கள் அவருக்குப் போதுமா என்னும் ஐயம் கோல்மார் ஓவியத்தைக் கண்ட பின்னரே எழுந்தது, இன்னும் தீரவில்லை.