எங்கே நங்கூரம் பாய்ச்சுவது?

கிரேக்க நாட்டுக் கடலில் கோடைகாலத்தில் சிறு பாய்ப்படகுகளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, குடும்பம் குடும்பமாய்த் தீவுக்குத் தீவு சென்று விடுமுறையைக் கழிப்போர் பலர். காலையில் எத்திசையில் பாய் விரிப்பது, மாலையில் எத்துறையில் நங்கூரம் பாய்ச்சுவது என்பதே அவர்களுடைய அன்றாடக் கவலை. உல்லாசப் பயணத்தில் இடம் தேடுவதற்கும் மனச்சாட்சிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நெருங்கிய சம்பந்தம் உண்டு.

கண்ணுக்கு இனிய துறையெல்லாம் காவலான துறை அல்ல. தெளிந்த நீரும் வெண்மணற் கரையும் பகலில் மனத்தைக் கவரும். அனுபவமுள்ள படகோட்டியோ வேறு கேள்விகளைக் கேட்பான். அடித்தரை மணலா, சேறா, வழுக்குப் பாறையா? காற்றுத் திரும்பினால் மறைவு உண்டா? நங்கூரக் கயிற்றை ஆழத்தைப்போல் ஏறக்குறைய ஏழு மடங்கு விட இடமிருக்கிறதா? அவ்வளவு விட்டால்தான் இழுப்பு கிடையாக அமைந்து, நங்கூரம் மண்ணைக் கவ்வும். ஏஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வானம் தெளிந்திருக்கும்போதே மெல்தெமி என்னும் வடகாற்று சீறி எழும். ஆகையால் மாலைக் காற்றை அல்ல, நள்ளிரவுக் காற்றை நினைத்தே இடம் தேடவேண்டும்.

அந்நாட்டுக் கிரேத்துத் தீவின் தென்கரையில் நடந்ததை அப்போஸ்தலர் நடபடியில் வாசிக்கிறோம். அர்ச். சின்னப்பரைக் கைதியாய் ஏற்றிச் சென்ற கப்பல், நல்ல துறை என்ற இடத்தில் தங்கியது. குளிர்காலம் நெருங்கிவிட்டது, மேலே சென்றால் சேதம் வரும் என்று சின்னப்பர் எச்சரித்தார். துறையோ குளிர்காலம் கழிக்க வசதியற்றது. மாலுமியும் கப்பற்சொந்தக்காரனும் சொன்னதையே நூற்றுவர் தலைவன் நம்பினான். பெரும்பாலோரும் புறப்படவே விரும்பினர். அச்சமயம் தென்றல் மெல்ல வீசிற்று. எண்ணம் கைகூடிற்று என்று நங்கூரம் தூக்கினார்கள். சற்றைக்கெல்லாம் புயல் பிடித்துக்கொண்டது. பதினான்காம் இரவில் கப்பலின் பின்புறத்திலிருந்து நான்கு நங்கூரங்களை இறக்கி, எப்போது விடியும் என்று ஏங்கி நின்றார்கள். கப்பல் மால்டாக் கரையில் உடைந்தது. 276 பேரும் பிழைத்தது சர்வேசுரனுடைய கிருபையால். அவர்களுடைய தீர்மானத்தால் அல்ல.

தொழில் அறிந்தவர்களின் சொல்லைக் கேட்டது குற்றமா? அல்ல. ஆனால் வசதியும், பெரும்பாலோர் விருப்பமும், இதமான காற்றும் ஒன்றுசேர்ந்தாலும் ஒரு செயல் சரியாகிவிடாது. நாமும் சாதகமான காற்று வீசினால் சர்வேசுரன் சம்மதித்துவிட்டார் என்று எண்ணிக்கொள்கிறோம் அல்லவா?

விவேகம் என்னும் புண்ணியத்துக்கு மூன்று செயல்கள் உண்டு என்று அர்ச். தோமாஸ் அக்வினாஸ் போதிக்கிறார்: ஆலோசித்தல், தீர்ப்பிடுதல், கட்டளையிடுதல். மூன்றாவதே தலையானது. "இங்கேயே இருப்போம் அப்பா" என்று பிள்ளைகள் கெஞ்சுகிறார்கள். துறை நல்லதல்ல என்று தகப்பன் அறிவான். அறிந்தும், அவர்கள் முகம் வாடுமே என்று சும்மா இருந்தால், அவன் ஆலோசித்ததாலும் தீர்ப்பிட்டதாலும் பயன் என்ன? சுக்கானைப் பிடித்திருப்பவன் அவனே.

அயலானையும் நினைக்கவேண்டும். நங்கூரமிட்ட படகு காற்றோடு சுழலும். அந்த வட்டம் முன்னே வந்து தங்கியவனின் படகைத் தொடக்கூடாது. மத்தியதரைக் கடலடியில் பொசிடோனியா என்னும் கடற்புல் வளர்கிறது. மீன்குஞ்சுகளுக்கு அது தொட்டில். ஓராண்டில் சில சென்டிமீட்டரே பரவும் அதை நங்கூரம் ஒரு நொடியில் பெயர்த்துவிடும். ஆகவே ஸ்பெயினைச் சேர்ந்த பலேயாரிக் தீவுகளின் அரசு, 2018-ல் அப்புல்மேல் நங்கூரம் பாய்ச்சுவதைத் தடைசெய்தது. நம் ஓர் இரவு இளைப்பாறுதலுக்காகப் பிறர் பல்லாண்டு இழப்பது நீதியாகுமா?

உரோமையின் நிலத்தடிக் கல்லறைகளில் ஆதிக் கிறிஸ்தவர்கள் நம்பிக்கையின் அடையாளமாக நங்கூரத்தைச் செதுக்கினார்கள். நம்பிக்கை தேவ புண்ணியம். ஆனால் வழுக்குப் பாறைமேல் நங்கூரத்தைப் போட்டுவிட்டு, சர்வேசுரன் காப்பார் என்று உறங்குவது நம்பிக்கை அல்ல. மிஞ்சின நம்பிக்கை என்னும் பாவம். பிள்ளைகளுக்கு வரன் தேடுகையிலும், கடன் வாங்குகையிலும், பிழைப்புக்காக ஊர் மாறுகையிலும் நாம் துறை தேடுகிறவர்களே. அடித்தரையைச் சோதித்து, அறிந்தவர்களைக் கேட்டு, செபித்து, அதன்பின் நங்கூரத்தை இறக்குவோம். இரவில் எக்காற்று வீசினாலும், நம்மை நம்பிப் படகில் ஏறியவர்கள் நிம்மதியாய் உறங்கட்டும்.