மீண்டும் விழுந்தவருக்கு எங்கே இடம்?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

99 பேரைக் கொன்ற மனிதரின் செய்தியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான ஹதீஸ் அது. அவர் ஒரு துறவியிடம் போய், எனக்கு மன்னிப்பு உண்டா என்று கேட்டார். இல்லை என்று சொன்ன அந்தத் துறவியையும் கொன்று நூறாக்கினார். பிறகு ஓர் ஆலிமிடம் போனார். அந்த ஆலிம், தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது என்று சொன்னதோடு நிறுத்தவில்லை. உன் ஊருக்குத் திரும்பிப் போகாதே, அல்லாஹ்வை வணங்கும் மக்கள் வாழும் இன்ன ஊருக்குப் போ என்றும் சொன்னார்.

சிந்தித்துப் பாருங்கள். தவ்பா உள்ளத்தில் நடக்கிறது. ஆனால் அது நிலைக்க ஓர் இடம் வேண்டும், நல்ல மனிதர்களின் கூட்டு வேண்டும். அந்த இடத்தை அவர் தனியாக உண்டாக்க முடியாது. அங்கே ஏற்கெனவே ஒரு ஜமாஅத் வாழ்ந்துகொண்டிருக்க வேண்டும்.

குடியிலிருந்தும் போதையிலிருந்தும் மீள நினைப்பவரின் நிலையும் இதுதான். முதலில் அவர் மருத்துவரிடம் போக வேண்டும். பல வருடம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். சிகிச்சை முடிந்த பிறகு அவர் எங்கே போவார்? அதே தெரு, அதே நண்பர்கள், அதே கடை. இந்த இடைவெளியை நிரப்பத்தான் போதையற்ற வாழ்வுக்கான கூட்டு இல்லங்கள் வந்தன.

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங்கில், 1975-இல் ஒரு மறுவாழ்வு இல்லம் மூடப்படும் நிலை வந்தது. அங்கே தங்கியிருந்தவர்களே வாடகையைப் பொறுப்பேற்று நடத்தத் தொடங்கினார்கள். அதுவே ஆக்ஸ்போர்டு ஹவுஸ். வீட்டு நிர்வாகத்தை அவர்களே வாக்களித்து முடிவு செய்வார்கள். செலவை அவர்களே பகிர்ந்துகொள்வார்கள். போதைக்குத் திரும்பியவர் உடனே வெளியேற வேண்டும். இது மார்க்க அடிப்படையிலான அமைப்பு இல்லை. ஆனால் அதே மாநிலத்தில், பால்டிமோரில், 1989-இல் முஸ்லிம்கள் மில்லத்தி இஸ்லாமி என்ற கூட்டமைப்பைத் தொடங்கி, மீட்சிக்கான 12 படிகளை இஸ்லாமிய நெறியில் அமைத்துக்கொண்டார்கள்.

இந்த இரண்டும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்தால் எப்படி இருக்கும்? ஃபஜ்ருடைய ஜமாஅத்தோடு நாள் தொடங்கும். ஐந்து வேளைத் தொழுகை நாளைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துவிடும். வாழ்நாள் முழுக்கக் குடிக்காமல் இருப்பேனா என்று மலைப்பவருக்கு, அஸரிலிருந்து மஃரிப் வரை தாங்கிக்கொள்வது முடிகிற காரியம். மது ஒரே நாளில் தடுக்கப்படவில்லை என்பதை மறக்க வேண்டாம். போதையோடு தொழுகையை நெருங்காதீர்கள் என்ற கட்டளை வந்தபோதே குடிக்கும் நேரம் சுருங்கிவிட்டது. முழுத்தடை அதன் பிறகே வந்தது.

இப்போது கடினமான கேள்விக்கு வருவோம். அந்த வீட்டில் ஒருவர் மீண்டும் குடித்துவிட்டால் அவரை வெளியேற்றுவது நியாயமா?

வீட்டில் வைத்துக்கொண்டால் மற்றவர்களின் மீட்சி கெடும். அவர்களும் அமானிதம்தான். வெளியேற்றினாலோ, அவர் தெருவுக்குப் போகிறார். பல மாதம் போதையை விட்டிருந்த உடல் பழைய அளவைத் தாங்காது. ஹெராயின் போன்றவற்றில் அந்த ஓர் இரவே மரணமாக முடியலாம்.

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ஒரு நபித்தோழர் குடித்ததற்காகப் பலமுறை கொண்டுவரப்பட்டார். அவருக்குத் தண்டனையும் கொடுக்கப்பட்டது. ஒருமுறை கூட்டத்தில் ஒருவர், எத்தனை தடவைதான் இவன் கொண்டுவரப்படுவான் என்று அவரைச் சபித்தார். நபியவர்கள் அதைத் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சி சொன்னார்கள். புகாரியில் வரும் செய்தி இது.

சட்டம் தளரவில்லை. அதே நேரத்தில் அந்த மனிதர் ஜமாஅத்தை விட்டுத் துரத்தப்படவும் இல்லை. நமக்கான பதில் இதில் இருக்கிறது. வீட்டின் விதி அவரை ஓர் அறையிலிருந்து வெளியேற்றலாம். நம் பொறுப்பிலிருந்து வெளியேற்ற அதற்கு அதிகாரம் கிடையாது.

ஆகவே இப்படி ஒரு வீட்டைத் தொடங்க நினைக்கும் ஜமாஅத், வீட்டைத் திறப்பதற்கு முன்பே சிலவற்றை முடிவு செய்ய வேண்டும். அந்த இரவு அவரை மருத்துவமனைக்கு யார் அழைத்துப் போவார்? மறுநாள் அவரிடம் யார் பேசுவார்? எவ்வளவு காலம் கழித்து அவர் மீண்டும் இடம் கேட்கலாம்? அவருடைய குறையை ஊரில் பரப்பாமல் யார் காப்பார்? இவற்றுக்குப் பதில் இல்லாமல் விதியை மட்டும் சுவரில் எழுதி வைப்பது எளிது. அதன் விலையைக் கொடுக்கப்போவது வேறொரு வீட்டின் பிள்ளை.

மஸ்ஜிதுந் நபவியின் திண்ணையில் வீடற்ற தோழர்கள் தங்கியிருந்தார்கள். இடம் கொடுப்பது இந்த உம்மத்துக்குப் புதிதல்ல.

அந்த நூறு கொலை செய்தவர் நல்லூரைச் சென்றடையவில்லை, வழியிலேயே இறந்தார். ஒரு சாண் அளவு அந்த ஊருக்கு நெருக்கமாக இருந்ததால் ரஹ்மத்தின் மலக்குகள் அவரை எடுத்துக்கொண்டார்கள். வழியில் விழுந்தவரின் கணக்கு அல்லாஹ்விடம் இருக்கிறது. அவர் நடந்து வருவதற்கு ஓர் ஊர் இருந்ததா என்ற கணக்கு நம்மிடம் கேட்கப்படும்.

யா அல்லாஹ்! போதையில் சிக்கியவர்களுக்கு மீட்சியைத் தருவாயாக! அவர்களைத் தாங்கும் ஜமாஅத்தாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன்.